செக்கோயா: ரெண்டு மணி நேரம் போதுமா, கூடாரம் போட்டு தங்கணுமா?

4 ஜனவரி 2026, கேள்வி

ஜூன் லீவுக்கு குடும்பத்தோட எல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்) போறோம், அங்கேருந்து கார்ல யோசெமிட்டி, அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ, அங்கேருந்து திரும்ப சிங்கப்பூர். நடுவுல செக்கோயா தேசிய பூங்கா வருது. ஷெர்மன் மரத்துக்கிட்ட போட்டோ எடுக்க ரெண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கேன். உலகத்துலயே உயரமான மரமா இருந்தாலும் மரம் மரம்தானே, நம்ம பொட்டானிக் கார்டன்லயும்தான் பெரிய மரம் இருக்கு. அங்க போய் கூடாரம் போட்டு தங்குற அளவுக்கு என்ன இருக்கு? போனவங்க சொல்லுங்க.

4 ஜனவரி, ராத்திரி

போதாது தம்பி. பார்க்கிங் தேடி, இறங்கி, போட்டோ எடுத்து, திரும்ப மேல ஏறி வர்றதுக்கே அந்த ரெண்டு மணி நேரம் சரியா போயிடும்.

அப்புறம் ஷெர்மன் உலகத்துலயே உயரமான மரம் கிடையாது. உயரம்னா ஹைப்பீரியன், வடக்கு கலிஃபோர்னியாவுல ரெட்வுட் தேசிய பூங்காவுல இருக்கு, 2006ல கண்டுபிடிச்சது, 115 மீட்டருக்கு மேல. அது கடலோரத்து ரெட்வுட், இனமே வேற. ஷெர்மன் செக்கோயாங்கிற இனம், 83.8 மீட்டர். ஆனா தண்டோட கன அளவு 1,487 கன மீட்டர், ஒத்தத் தண்டு மரங்கள்ல இதவிட பெருசு உலகத்துல தெரிஞ்ச வரைக்கும் இல்ல. அடியில சுத்தளவு 31 மீட்டர். வயசு 2,200லேருந்து 2,700க்குள்ளன்னு கணக்கு சொல்றாங்க.

நம்ம 28 மாடி எச்டிபி அடுக்குமாடி புளோக்க நிமிந்து பாக்குற உயரம்தான் கிட்டத்தட்ட, ஆனா அத்தனையும் ஒரே உசுரு.

5 ஜனவரி

நேத்து முக்கியமானத சொல்லாம விட்டுட்டு நம்பர் மட்டும் அடுக்கியிருக்கேன், இப்ப சொல்றேன்.

மத்தியானம் போய் நின்னா அந்த மரத்தோட அளவு கண்ணுக்கு ஏறாது. ஏன்னா பக்கத்துல இருக்க பைன், ஃபர் மரமெல்லாமே நம்ம ஊர் மரத்தவிட பெருசு, எல்லாம் பெருசா இருக்கப்ப எது பெருசுன்னு கண்ணுக்கு பிடி கிடைக்காது, போதாததுக்கு வேலிக்கு முன்னாடி போட்டோவுக்கு வரிசை, பின்னாடி நிக்கிறவங்க அவசரப்படுத்துவாங்க, நீங்களும் ரெண்டு படம் எடுத்துட்டு நகந்துடுவீங்க. நாங்க மொத தடவ பாத்தப்ப எனக்கு "ஓ, சரி"ன்னுதான் இருந்துச்சு. சாயங்காலம் பஸ்ஸெல்லாம் போனப்புறம் காங்கிரஸ் டிரெய்ல்னு அங்கேருந்தே ஒரு பாதை போகும், அதுல நடந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு மரத்தடியில போய் நின்னாரு, பேர்கூட இல்லாத மரம், தண்டுல ஒரு தீக்காயப் பொந்து, அதுக்குள்ள நின்னவர நான் சரியா பத்து எட்டு பின்னாடி வந்து பாத்தேன், ஆளு எங்கன்னு தேடவேண்டியிருந்துச்சு. அப்பத்தான் உள்ள ஏதோ ஆச்சு எனக்கு. அப்படியே மேல பாத்தா மொத கிளையே நம்ம ஊர் மழைமரத்தோட உச்சிக்கு மேலதான் ஆரம்பிக்குது.

அதனாலதான் தங்கச் சொல்றேன். சாயங்காலமும் விடியக்காலையும் அந்தக் காட்டுக்குள்ள இருக்கணும், பகல்ல வந்துட்டு போறவங்களுக்கு அது கிடைக்காது. மலைக்கு கீழ த்ரீ ரிவர்ஸ்ல ரூம் போட்டா தினம் மேல ஏறி இறங்கணும், அந்த ரோட்ட பத்தி தனியா எழுதுறேன்.

5 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

பொட்டானிக் கார்டன் மரத்த யாரும் குறைச்சு பேசவேணாம். நம்ம அஞ்சு வெள்ளி (டாலர்) நோட்டுல இருக்க தெம்புசு மரம் அது, எங்க பசங்க அது பக்கத்துல விளையாடி வளந்தவங்க. பெரிய மரத்துக்கு அமெரிக்காதான் போகணும்னும் இல்ல, சபாவுல டானும் பள்ளத்தாக்குல மெனாரான்னு ஒரு மஞ்சள் மெரந்தி மரம், 100.8 மீட்டர், வெப்பமண்டலத்துல அளந்த மரங்கள்லயே உயரமானது. உயரத்துல அது ஷெர்மன தாண்டிடுது. கன அளவுலதான் செக்கோயாவ யாரும் தொட முடியாது.

8 ஜனவரி

ரோடு. ஜெனரல்ஸ் ஹைவேன்னு பேரு, ஹைவேன்னதும் நம்ம சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலை மாதிரி நினைச்சுக்காதீங்க. கீழ ஃபுட்ஹில்ஸ் நுழைவாயில்லேருந்து ஷெர்மன் நிக்கிற ஜெயண்ட் ஃபாரஸ்ட் காடு வரைக்கும் 26 கிலோமீட்டர்தான், அதுக்குள்ள 1,400 மீட்டருக்கு மேல ஏறுது, கொண்டை ஊசி வளைவு ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. 22 அடிக்கு மேல நீளமான வண்டி அந்தப் பக்கமா வரவேணாம்னு பூங்காவே சொல்லுது, அதனால பெரிய கேம்பர் வேன் எடுக்குறவங்க ஃப்ரெஸ்னோ வழியா 180ஆம் நம்பர் ரோட்டுல வாங்க. நம்ம ஆளுங்க இடது பக்கம் ஓட்டி பழகுனவங்க, அங்க வலது பக்கம், அதனால எல்ஏல இறங்குன அன்னிக்கே தூக்கக் கலக்கத்தோட இந்த மலைய ஏறாதீங்க, விசேலியாவுல ஒரு ராத்திரி தூங்கிட்டு காலைல ஏறுங்க. இறங்கும்போது சின்ன கியர்ல இறங்கணும், பிரேக்க மட்டும் நம்பி வர்ற வண்டிங்க சூடாகி புகை வாசம் வரும், முன்னாடி போற வண்டியிலேருந்து அத நாங்களே மோந்தோம். பெட்ரோல் கீழயே ரொப்பிடுங்க, செக்கோயாவுக்குள்ள பங்க் கிடையாது.

இந்த ரோட்டுக்கு ஒரு கதை இருக்கு. 1903ல ஜெயண்ட் ஃபாரஸ்டுக்கு வண்டிப் பாதைய போட்டு முடிச்சது கேப்டன் சார்ல்ஸ் யங் தலைமையில வந்த கறுப்பின ராணுவ வீரர்கள். ஒரு அமெரிக்க தேசிய பூங்காவுக்கு பொறுப்பா இருந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அதுக்கு முன்னாடி காவேயா காலனின்னு ஒரு கூட்டுறவு சமூகம் அந்தப் பாதைய கையால வெட்ட ஆரம்பிச்சாங்க, அவங்க ஷெர்மன் மரத்துக்கு கார்ல் மார்க்ஸ் மரம்னு பேரு வச்சிருந்தாங்களாம். 1890ல பூங்கா வந்ததும் அவங்க கனவு முடிஞ்சுது. ரோடு போட்டவங்க வேர்வைய நினைக்காம அந்த வளைவுல ஓட்ட எனக்கு மனசு வரல, நம்ம ஊர் ரோடும் ரயில் பாதையும் யார் போட்டதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும்.

11 ஜனவரி

கூடாரம் எங்க போடுறதுன்னு கேட்டீங்க. ஜூன்ல சின்ன பசங்களோடன்னா லாட்ஜ்போல் முகாம்தான் என் சாய்ஸ். 2,000 மீட்டர் உயரம், காவேயா ஆத்தோட மார்பிள் ஃபோர்க் பக்கத்துலயே ஓடுது, கோடையில இலவச பஸ் அங்கேருந்து ஷெர்மன், மோரோ ராக்ங்கிற பெரிய பாறை எல்லாத்துக்கும் போகுது, காரத் தொடவே வேணாம். டோர்ஸ்ட் கிரீக்கும் நல்ல இடம். பாட்விஷா கீழ 640 மீட்டர்ல இருக்கு, ஜூன் ஜூலைல அங்க வெயில் கொளுத்தும், நம்மளுக்கு வெயில் பாக்க கலிஃபோர்னியா போகணும்னு இல்லையே.

புக்கிங் ரெக்ரியேஷன் டாட் கவ்ல. எத்தன மாசம் முன்னாடி திறப்பாங்கங்கிறது முகாமுக்கு முகாம் மாறும், அத இப்பவே பாத்து வச்சுக்குங்க. திறக்குற நேரம் அவங்களுக்கு காலைல 7 மணி, நமக்கு ராத்திரி 10, குளிர்காலக் கணக்குன்னா 11. அந்த நேரத்துக்கு லாகின் பண்ணி உக்காந்திருக்கணும், நல்ல தேதியெல்லாம் நிமிஷத்துல போயிடும். நம்ம ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல கூடாரத்துக்கு பெர்மிட் எடுக்குற மாதிரி கிட்டத்துல பாத்துக்கலாம்னு விட்டா கிடைக்காது. ஒரு இடத்துல ஆறு பேர்தான், தாத்தா பாட்டி, தம்பி குடும்பம்னு போனா ரெண்டு எடுங்க.

12 ஜனவரி

சாமான் பத்தி. கூடாரமும் தூங்குற பையும் இங்கேருந்தே கொண்டு போகலாம், கேஸ் சிலிண்டர் பிளேன்ல ஏத்த மாட்டாங்க, அத அங்க போய் விசேலியா, ஃப்ரெஸ்னோவுல வாங்கிக்கணும். என் பெரியவன் என்எஸ் (தேசிய சேவை) முடிச்சவன், தெக்கோங் தீவுல பயிற்சியப்ப பாஷா கூடாரம் கட்டி படுத்தவன்மான்னு சொல்லிட்டு மெல்லிசு போர்வைய எடுத்து வச்சான், நான் விடல. தெக்கோங் ராத்திரி வேற, இந்த ராத்திரி வேற. ஜூன்லயும் பத்து டிகிரிக்கு கீழ போகும், தரையிலேருந்து குளிரு மேல ஏறும், அதனால பைய விட அடியில போடுற மெத்தை முக்கியம். ஜூன்ல பனி உருகின ஈரத்துக்கு கொசுவும் இருக்கும், மருந்து எடுத்துக்குங்க.

ஆறு பாக்க அழகா இருக்கும், மே ஜூன்ல பசங்கள இறங்க விடாதீங்க. பனி உருகி வர்ற தண்ணி, வேகமும் அதிகம், குளிரும் அதிகம், பாறை வழுக்கும். இந்த பூங்காவுல உசுரு போனதுக்கு கரடிய விட ஆறுதான் காரணம். இத மட்டும் கண்டிப்பா சொல்றேன்.

12 ஜனவரி, ராத்திரி

கரடி கேட்ட அக்காவுக்கு: ஆமா, இருக்கு. கருங்கரடின்னு பேரு, ஆனா பாதிக்கு மேல பழுப்பு நிறத்துலதான் இருக்கும். கலிஃபோர்னியா கொடியில இருக்குறது கிரிஸ்லி, அது 1924க்கு அப்புறம் அந்த மாநிலத்துல இல்ல. கருங்கரடி ஆளத் தேடி வராது, சாப்பாட்ட தேடி வரும்.

ஒவ்வொரு கூடார இடத்துலயும் இரும்புப் பெட்டி ஒண்ணு வச்சிருப்பாங்க. வாசம் வர்ற எல்லாமே அதுக்குள்ள போகணும், சாப்பாடு மட்டுமில்ல, பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், தைலம், பிள்ளையோட கார் சீட்டுல பிஸ்கட் சிந்தியிருந்தா அந்த சீட்டு. நம்ம சமையல் வாசம் எப்படின்னு உங்களுக்கே தெரியும், சாம்பார் பொடி, ஊறுகாய், நெய் எல்லாம் ரெண்டு உறை போட்டு கட்டி பெட்டியில வச்சேன். கார்ல வைக்கலாமான்னு கேட்டா வேணாம், கதவ உரிச்சு எடுத்துடும். இது கரடிக்காகவும்தான் சொல்றேன், மனுஷ சாப்பாடு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசில அத கொல்ல வேண்டி வரும். நம்ம மேக்ரிச்சி நீர்த்தேக்கத்துல குரங்குக்கு தீனி போட்டு என்ன ஆச்சுன்னு நாம பாத்துட்டுதானே இருக்கோம்.

13 ஜனவரி

சாப்பாட்டுல ஒண்ணு விட்டுப்போச்சு. பச்சை கருவேப்பிலை எடுத்துட்டு போகாதீங்க. அது எலுமிச்சை குடும்பம், ஆரஞ்சு தோட்டத்த அழிக்கிற பூச்சி அதுல வரும்னு தடை. நீங்க மலையேறப் போற வழியே முழுக்க ஆரஞ்சு தோட்டம், பாத்தா ஏன் தடைன்னு புரியும். காஞ்ச பொடி, அரிசி, பருப்புன்னு கொண்டுபோனத படிவத்துல சொல்லிட்டோம், விட்டுட்டாங்க. இறைச்சி எதுவும் வேணாம்.

17 ஜனவரி

"அதான் எல்லாம் எரிஞ்சு போச்சே, இன்னும் பாக்க என்ன இருக்கு"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இதுக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும், ஏன்னா நானும் போறதுக்கு முன்னாடி அந்த பயத்தோடதான் போனேன்.

2020ல காசில் தீ, 2021ல கேஎன்பி காம்ப்ளெக்ஸ், விண்டின்னு ரெண்டு தீ. எல்லாமே மின்னல்ல ஆரம்பிச்சது. உலகத்துல உள்ள பெரிய செக்கோயா மரங்கள்ல 13லேருந்து 19 சதவீதம் இந்த ரெண்டு வருஷத்துல போச்சுன்னு கணக்கு. இந்த மரம் இயற்கையா வளர்றது சியரா நெவாடாவோட மேற்குச் சரிவுல மட்டும்தான், அதனால அங்க போனதுன்னா உலகத்துலேருந்தே போனது. லாட்ஜ்போல்லேருந்து கிராண்ட் குரோவ் போற வழியில கருகி நிக்கிற சரிவ பாப்பீங்க. எனக்கு அழுகை வந்துச்சு, மறைக்கல.

ஆனா ஜெயண்ட் ஃபாரஸ்ட் நிக்குது, ஷெர்மன் நிக்குது. 2021ல தீ கிட்ட வந்தப்ப ஷெர்மன் அடிய தீ தாங்குற அலுமினியத் தாள் சுத்தி மூடுனாங்க, அந்தப் படத்த எல்லாரும் பாத்திருப்பீங்க. காப்பாத்தினதுல பெரிய பங்கு தாளுக்கு இல்ல. 1960கள்லேருந்து அந்தப் பூங்காவுல ஆளுங்களே திட்டம் போட்டு சின்னச் சின்னதா தீ வச்சு தரையில சேர்ற சருகையும் புதரையும் எரிச்சுட்டு வந்தாங்க. அதனால பெரிய தீ வந்தப்ப அங்க எரியறதுக்கு தரையில அவ்வளவா ஒண்ணும் மிச்சமில்ல.

இன்னும் ஆச்சரியம், இந்த மரத்துக்கு தீ வேணும். பட்டை 60 சென்டிமீட்டர் வரைக்கும் தடிமன், சின்னத் தீ அத ஒண்ணும் பண்ணாது. காய் பச்சையா மூடினபடியே இருபது வருஷம் வரைக்கும் கிளையில இருக்கும், தீச்சூடு மேல போனா காஞ்சு திறந்து விதைய கொட்டும். விதை சில மில்லிமீட்டர்தான். அது முளைக்க சருகு இல்லாத வெறும் மண்ணும் வெளிச்சமும் வேணும், ரெண்டையும் தீதான் குடுக்குது. காட்டுக்கு நல்லதுன்னு நினைச்சு நூறு வருஷம் கிட்ட எல்லா தீயையும் அணைச்சாங்க, அதுல புதுக் கன்னே வராம போச்சு. 1960கள்ல ஹார்ட்ஸ்வெல்ட்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் தீ வச்சு பாத்துதான் இத காட்டுனாங்க. அங்கயே காலங்காலமா இருந்த மோனோ, யோகுட்ஸ் மக்கள் முன்னாடியே தீ வச்சு காட்ட பராமரிச்சவங்கதான், அவங்கள விரட்டிட்டு அப்புறம் அதே பாடத்த படிச்சிருக்காங்க. கீழ ஹாஸ்பிட்டல் ராக்ல அவங்க ஓக் கொட்டை அரைச்ச குழிங்க பாறையில இன்னும் இருக்கு, பாறை ஓவியமும் இருக்கு, போற வழியில நிறுத்தி பாருங்க.

அப்போ 2020, 2021ல ஏன் இத்தன மரம் செத்துச்சு? அணைச்சு அணைச்சு சேர்ந்த விறகு ஒரு பக்கம், 2012லேருந்து 2016 வரைக்கும் அடிச்ச வறட்சியில செத்த மத்த மரங்க ஒரு பக்கம், சூடாகிட்டே வர்ற கோடை ஒரு பக்கம். தீ தரையோட போகாம உச்சிக்கு ஏறிடுச்சு. உச்சி எரிஞ்சா இந்த மரம்கூட தாங்காது.

இதெல்லாம் பசங்களோட அந்தக் காட்டுக்குள்ள நின்னு பேசணும். கருகுன தண்டும் பச்சை உச்சியும் ஒரே மரத்துல இருக்கும், கைய வச்சு காட்டலாம்.

18 ஜனவரி

யோசிச்சு பாத்தா ஒண்ணு சேர்க்கணும். பூங்காவுக்குள்ளயே ஜெயண்ட் ஃபாரஸ்ட்ல முன்னாடி ஹோட்டல், கடை, கேபின்னு 280க்கு மேல கட்டடம் இருந்துச்சு. வேரு ஆழமா போகாது, அகலமா பரவும், கட்டடமும் ரோடும் அந்த வேர நசுக்குதுன்னு 1990கள் கடைசில இடிச்சு எடுத்துட்டாங்க. அங்க இருந்த ஒரு பழைய கடைக் கட்டடம் இப்ப மியூசியம். மரத்துக்காக சம்பாத்தியம் குடுக்குற ஹோட்டல இடிச்சாங்கன்னு கேட்டப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. வேலிக்கு வெளிய நில்லுங்கன்னா நில்லுங்க, அதுக்கும் இதேதான் காரணம்.

18 ஜனவரி, மறுபடியும்

மரம்னதும் சாங்கி மரம் ஞாபகம் வந்துருச்சு. போருக்கு முன்னாடி சாங்கியில ஒரு மரம் இருந்துச்சு, 76 மீட்டர்னு சொல்றாங்க, வரைபடத்துலயே குறிச்சிருந்தாங்க. 1942 பிப்ரவரியில ஜப்பான்காரன் அத வச்சு பீரங்கிக்கு குறி பாப்பான்னு பிரிட்டிஷ்காரங்க வெட்டிட்டாங்க. கிட்டத்தட்ட ஷெர்மன் உயரத்துக்கு நம்ம தீவுல ஒண்ணு நின்னிருக்கு. இத பசங்களுக்கு சொல்லிட்டு கூட்டிட்டு போங்க.

25 ஜனவரி

முழங்கால் வலி இருக்க அம்மாவ கூட்டிட்டு போறவங்களுக்கு: ஷெர்மன் பார்க்கிங்லேருந்து மரத்துக்கு 800 மீட்டர் இறக்கம், படியும் உண்டு, திரும்ப அத்தனையும் ஏறணும், 2,000 மீட்டர் உயரத்துல மூச்சு வாங்கும். கோடையில மரத்துக்கு கிட்ட கீழயே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கு, ஏறாம அதுல திரும்பிடலாம். என் மாமியாருக்கு அதவிட புடிச்சது மியூசியத்துக்கு எதிர்ல பிக் ட்ரீஸ் டிரெய்ல், ஒரு புல்வெளிய சுத்தி சமமான தார் பாதை, சக்கர நாற்காலியும் போகும், கூட்டம் கம்மி, நடுவுல உக்கார இடமும் இருக்கு. மோரோ ராக் 350 படிக்கு மேல, அத வயசானவங்க விட்டுடலாம், இடி மின்னல் தெரிஞ்சா யாருமே ஏறக்கூடாது.

அஞ்சு வயசுக்கு கீழ பிள்ளைங்க, ராத்திரி குளிர் தாங்காதுன்னு தோணுனா கூடாரம்தான்னு நான் அடம்பிடிக்கல. உள்ளயே வுக்ஸாச்சி லாட்ஜ் இருக்கு. விலை கூட, ஆனா விடியக்காலை உங்களுக்கு கிடைக்கும். எனக்கு அதுதான் கணக்கு, துணியா சுவரான்னு இல்ல.

1 பிப்ரவரி

காசு விஷயம், இந்த வருஷம் மாறிடுச்சு. காருக்கு 35 அமெரிக்க வெள்ளி எப்பவும் போல. 2026லேருந்து அமெரிக்காவுல வசிக்காதவங்களுக்கு செக்கோயா, யோசெமிட்டி உட்பட 11 பூங்காவுல 16 வயசு, அதுக்கு மேலன்னா ஆளுக்கு 100 வெள்ளி கூடுதல். 250 வெள்ளி வருஷ பாஸ் எடுத்தா அந்த 100 இல்ல. நீங்க ரெண்டு பூங்காவுக்கும் போறதால பாஸ்தான் லாபம், கிளம்புறதுக்கு முன்னாடி பூங்காவோட இணையப் பக்கத்துல ஒருக்கா பாத்துக்குங்க. இவ்வளவு குடுத்துட்டு ரெண்டு மணி நேரத்துல திரும்புறது எனக்கு மனசே ஆகல.

3 பிப்ரவரி

மரத்துக்குள்ள கார் ஓட்டுற இடம் கேட்டவருக்கு: நீங்க பாத்த பழைய படம் யோசெமிட்டியில இருந்த வாவோனா மரம், 1881ல குடைஞ்சது, 1969ல பனி பாரத்துல விழுந்துடுச்சு. செக்கோயாவுல இருக்குறது டன்னல் லாக், 1937ல தானா விழுந்த மரம், அடுத்த வருஷம் அதுல வழி வெட்டுனாங்க. 8 அடி உயரம், சாதாரண கார் போகும். இது உசுரோட நின்ன மரத்த குடைஞ்சது இல்ல, அதனால நிம்மதியா ஓட்டுங்க.

9 பிப்ரவரி

டிசம்பர் லீவுல போகலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. போகலாம், ஆனா அது வேற பயணம். லாட்ஜ்போல், டோர்ஸ்ட் முகாமெல்லாம் மூடியிருக்கும், பாட்விஷாவும் கிராண்ட் குரோவ் பக்கத்து அசேலியாவும் வருஷம் பூரா உண்டு. டயருக்கு சங்கிலி கையில இருக்கணும், கேக்குற இடத்துல போடணும், பனி அதிகமானா நடுவுல ரோட்ட மூடிடுவாங்க. கிராண்ட் குரோவ்ல நிக்கிற ஜெனரல் கிராண்ட்ங்கிற செக்கோயா மரத்த 1926லேருந்து நாட்டோட கிறிஸ்துமஸ் மரம்னு வச்சிருக்காங்க, டிசம்பர்ல அதுக்கு அடியில கூடி பாடுவாங்க. பனியில சிவப்புத் தண்டு தனியா தெரியும்னு போனவங்க சொல்றாங்க, நான் பாக்கல. பனியில படுத்து பழகாத குடும்பம்னா அந்த மாசத்துக்கு ரூம் போடுங்க, கூடாரத்த ஜூனுக்கு வச்சுக்குங்க.